செக் கேஸ் கட்டுகள் பற்றி

அலுவலக நண்பர்களுக்கு வணக்கம்.

நேற்று சாயங்காலம் ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே திரும்பி வந்த செக், அதோடு பின் குத்திய பேங்க் மெமோ, அதாவது பணம் தராமல் செக்கைத் திருப்பியதற்கு பேங்க் தரும் சீட்டு. மெமோ அவர் கைக்கு வந்து 27 நாள் ஆகிவிட்டது. போன வாரமே வந்தவரை, "சார் கோர்ட்டுக்குப் போயிருக்கார், அப்புறம் வாங்க" என்று நாம்தான் திருப்பி அனுப்பியிருக்கிறோம். எனக்கு மனசே கேட்கவில்லை. ராத்திரியே நோட்டீஸ் தயார் செய்து இன்று காலை தபாலில் சேர்த்தாயிற்று.

செக் திரும்பும் வழக்குகளுக்கான சட்டப் பிரிவு 138-இல், மெமோ கிடைத்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் போயாக வேண்டும். அது கிடைத்தபின் எதிர்த்தரப்புக்குப் பணம் கட்ட 15 நாள், பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். புகார் தாமதமானால் காரணம் சொல்லி மனு போடலாம். நோட்டீஸுக்கு அந்த வழியே கிடையாது.

அதனால் யார் செக் கொண்டு வந்தாலும் மெமோவைப் படம் எடுத்து உடனே இங்கே போடுங்கள். மெமோ கைக்கு வந்த தேதியைக் கேட்டுக் கட்டின் மேலேயே சிவப்பு மையில் எழுதிவிடுங்கள். தபால் ரசீதும் கட்டிலேயே இருக்கட்டும்.

குமாஸ்தா அண்ணே, அந்த அம்மா வெள்ளிக்கிழமை வருவார். உட்கார வைத்து, ரசீது நகல் கொடுத்து, விவரம் சொல்லி அனுப்புங்கள்.