வண்டி செட் ஆகிற வரைக்கும்

கோவை
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

எட்டு மாசமாக ஒரு வரி எழுதவில்லை, போன்கூடச் செய்யவில்லை. உன் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே நெட்டையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். திட்ட வேண்டியதை எல்லாம் சேர்த்துவை, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்திக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது, எனக்கு ஒன்று விழுந்திருக்கிறது. டீச்சருக்கு என் வணக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். கார் வாங்கிவிட்டேன். சிரிக்காதே, புது கார். முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவன் இன்ஜினைப் பிரித்தே சோறு தின்றவன் நான். கைக்கு வந்த வண்டி எல்லாமே யாரோ மிதித்துக் கெடுத்து, புகை கக்கி, கடைசியில் நம் பட்டறை வாசலில் வந்து விழுந்தவைதான். எனக்கு முன்னால் வேறொரு கால் படாத இன்ஜின் எனக்கு வாய்த்தது இதுதான் முதல் தடவை. அதனால்தான் இவ்வளவு பைத்தியக்காரத்தனமும். பொறுமையாகப் படி.

1.2 லிட்டர் பெட்ரோல், மூன்று சிலிண்டர். மூன்றா என்று நீ முகம் சுளிப்பது நாகர்கோவிலிலிருந்து இங்கே வரைக்கும் தெரிகிறது. இப்போது பாதி வண்டி அப்படித்தான் வருகிறது, விடு. சாவி கொடுத்த பையனிடம், "இன்ஜின் செட் ஆக ரன்னிங் பீரியட் எத்தனை தம்பி?" என்று கேட்டேன். "இப்ப அதெல்லாம் கிடையாது சார், நல்லா ஓட்டுங்க" என்றான். வீட்டுக்கு வந்து வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் பிரித்தால் முதல் 1,000 கிலோமீட்டருக்கு என்று தனியாகவே போட்டிருக்கிறது. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதே, முழுசாக மிதிக்காதே, நிறுத்திவைத்துக்கொண்டு இன்ஜினை ஓடவிடாதே. விற்கிறவன் ஒரு தடவையாவது படிக்கக் கூடாதா?

முதல் தண்டனை ஈச்சனாரியிலேயே கிடைத்தது. பிள்ளையாருக்கு முன்னால் வரிசையில் நாங்கள் ஆறாவது வண்டி. அய்யர் ஒவ்வொரு வண்டிக்கும் நிதானமாக மாலை போட்டு, பொட்டு வைத்து, சூடம் காட்டுகிறார். ஸ்டார்ட்டில் இருக்கட்டும் என்கிறார். இன்ஜின் சும்மா ஓடுகிறது, எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆஃப் செய்துவிட்டேன். அவர் முறைத்தார், வீட்டுக்காரி அதைவிட முறைத்தாள். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றும்போது மட்டும் ஸ்டார்ட் செய்தேன். அந்த நாலு பழமும் நசுங்கிய சத்தத்தில் என் மானமும் சேர்ந்து நசுங்கியது.

அப்புறம் பையன். ஓசூரிலிருந்து வந்திருந்தான். அவன் கட்சி வேறு. "முதல் நாளிலேயே நல்லா மிதிக்கணும்பா, இல்லாட்டி பிஸ்டன் ரிங் உட்காராது" என்று போனில் எதையோ காட்டி எனக்கே பாடம் எடுக்கிறான். யாருக்கு? எனக்கு! நீயும் நானும் பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டர் போருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவன் பிறக்கவே இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு போனவன் நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸில் ஓட்டிவிட்டு வந்து, "நூத்திப் பத்து போச்சுப்பா, வெண்ணெய் மாதிரி" என்றான். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. ஓடோமீட்டர் 140.

வேடிக்கை என்னவென்றால், அவன் சொன்னதில் பாதி சரி. அதுதான் என்னைக் குடைந்தது. நம் பட்டறை மேஸ்திரி டார்ச் அடித்துக் காட்டுவாரே, போரைத் தேய்க்கிற ஹோனிங் கல் ஏறி இறங்கி போர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக விழுந்த கோடு. "கோடு இருந்தாத்தான் ஆயில் நிக்கும். வழவழன்னு இருந்தா வழிஞ்சு போயிரும்" என்பாரே. அந்தக் கோட்டின் முனைகளும் புது ரிங்கும் ஒன்றையொன்று தேய்த்து, ஒன்றின் வடிவத்துக்கு மற்றது வருவதுதான் செட் ஆவது. ரிங்குக்குச் சொந்த விறைப்பு கொஞ்சம்தான். உள்ளே எரிகிற கேஸ் ரிங்குக்குப் பின்னால் புகுந்து தள்ளினால்தான் அது சுவரோடு ஒட்டி உரசும். பூ மாதிரி ஓட்டினால் தள்ளுவதற்கு ஆள் இல்லை.

நீ ஊருக்குப் போன பிறகு, அந்த மின்வெட்டுக் காலத்தில் ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் வந்தது. பெரிய மெஷின். ஆனால் அது இழுத்ததெல்லாம் சமையல்கட்டு டியூப் லைட்டும் நாலைந்து ஃபேனும்தான். ஓடிய மணி நேரமும் குறைவு. நீலப் புகை கக்கிக்கொண்டு, டின் டின்னாக ஆயில் குடித்தது. பிரித்துப் பார்த்தால் போர் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ரிங்கைத் தாண்டி இறங்கிய சூட்டில் சுவரில் இருந்த ஆயில் தீய்ந்து, வார்னிஷ் மாதிரி கோட்டை எல்லாம் மூடிவிட்டது. அதன் மேல் இனி எந்த ரிங் உட்காரும்? வேலையே கொடுக்காமல் கெடுத்த இன்ஜின். அப்படி அப்புறம் எத்தனையோ வந்தன, எல்லாவற்றையும் மறுபடி ஹோனிங் போட்டுத்தான் அனுப்பினோம்.

ஆக, மிதிக்காமல் இருந்தாலும் கெடும் என்று எனக்குத் தெரியும். எடுத்த எடுப்பிலேயே பேய் மாதிரி மிதித்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கிணத்துக்கடவில் நெட்டையனின் ஸ்கூட்டரை நாம் எத்தனை கிலோமீட்டர் தள்ளினோம் என்று அவனையே கேள். அது டூ ஸ்ட்ரோக், பிஸ்டன் சூட்டில் பெருத்து போரைக் கவ்விக்கொண்டது. இன்றைய கார் அப்படி நடுரோட்டில் நிற்காது. இப்போது ஃபேக்டரியிலேயே முதல் கல்லுக்குப் பிறகு நைசான கல் ஒன்றை விட்டு, கோட்டின் கூர்முனையை மட்டும் சீவிவிடுகிறார்கள். பள்ளம் அப்படியே நிற்கும், ஆயிலும் நிற்கும். வண்டிக்காரன் ரோட்டில் செய்துகொண்டிருந்த வேலையில் பெரும்பங்கை அவர்களே முடித்து அனுப்புகிறார்கள். ஊற்றுகிற ஆயில்கூடத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஜீரோ டபிள்யூ 20. நம் 20 டபிள்யூ 40 அதற்குப் பக்கத்தில் விளக்கெண்ணெய்.

இத்தனையும் மண்டைக்குத் தெரிகிறது. காலுக்குத் தெரியவில்லையே மாப்ளே! ஐம்பதைத் தாண்டினால் கால் தானாக மேலே எழும்பிவிடுகிறது. காது இன்ஜினிலேயே இருக்கிறது. அவிநாசி ரோட்டில் மொபெட்காரன் திரும்பிப் பார்த்து முறைத்துவிட்டுப் போகிறான். "எல் போர்டு ஒண்ணு வாங்கி ஒட்டிக்கோங்க" என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்.

இனிமேல்தான் நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

நானூறு ஓடியதும் வண்டியைக் காட்டலாம் என்று மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். கணபதி ஏரியாவில் அதே வீடுதான். போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் இளைத்துப்போய்விட்டார். கண் ரொம்ப மங்கல். மருமகள் வாசலிலேயே, "மாமாவுக்கு ஆள் அடையாளம் தெரியறதில்லீங்க" என்று சொல்லித்தான் உள்ளே விட்டாள். நான் பெயரைச் சொன்னேன், பட்டறையைச் சொன்னேன், "கல்லு" என்று அவர் எனக்கு வைத்த பெயரையே சொன்னேன். ம்ஹூம். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உன் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு, "சர்க்ளிப்ப எங்கடா வெச்ச?" என்றார்.

எத்தனை வருஷம் ஆகிறது! அந்த டெம்போவின் பிஸ்டன் பின்னுக்கு ஒரு பக்கம், அதை நகராமல் பிடிக்கிற சர்க்ளிப் போடாமல் நீ இன்ஜினை மாட்டிக் கொடுத்தாயே, பின் நகர்ந்து வந்து புது போரையே உழுதுவிட்டதே. அந்தத் திட்டு முழுக்க முதலிலிருந்து மறுபடி எனக்கு விழுந்தது. அன்று சொன்ன அதே வார்த்தைகள், உன் தாத்தா வரைக்கும் போனது உட்பட. நான் நீயாகவே நின்று கேட்டுக்கொண்டேன். "இனிமே மறக்க மாட்டேன் மேஸ்திரி" என்றேன். அதை அன்று நீ சொன்னாயா என்பது ஞாபகம் இல்லை.

கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்து வண்டியைக் காட்டினேன். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது அவருக்கு. பானெட் மேல் கையை வைத்து, ஸ்டார்ட் பண்ணு என்று சைகை காட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "மூணுதானா?" என்றார். சத்தியமாக நான் சொல்லவில்லை மாப்ளே. இந்தக் காலத்து மூன்று சிலிண்டர் எவ்வளவு நைசாக ஓடுகிறது தெரியுமா? ரோட்டில் லாரி வேறு போய்க்கொண்டிருந்தது. "ஆமாம்" என்றேன். "எவ்வளவு ஓடிச்சு?" "நானூறு மேஸ்திரி." "எப்படி ஓட்டறே?" "ஐம்பதைத் தாண்டலை." கையால் பானெட்டை இரண்டு தட்டு தட்டினார். "சுமையக் குடு. வுடு. மறுபடி குடு. கோடு போட்டது எதுக்கு?" அவ்வளவுதான். அப்புறம் காபி வந்தது. காபியைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

திரும்பி வரும்போது சத்தி ரோட்டில் ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்ஜினை ஆஃப் செய்யத் தோன்றவில்லை.

அடுத்த வாரமே வீட்டுக்காரியையும் கொழுந்தியாளையும் ஏற்றிக்கொண்டு வால்பாறைக்குக் கிளம்பிவிட்டேன். ஆழியாரைத் தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி. ஏறும்போது இரண்டாவது கியர், மூன்றாவது கியர், வளைவு முடிந்ததும் மிதி, அடுத்த வளைவுக்கு முன்னால் விடு. மேஸ்திரி சொன்னதை அந்த மலையே செய்ய வைத்துவிடுகிறது. முழுசாக மிதிக்கவில்லை, இன்ஜினைத் திணறவும் விடவில்லை. ஒன்பதாவது வளைவில் எல்லோரும் இறங்கி அணையைப் பார்த்தார்கள், நான் சைலன்சரைப் பார்த்தேன். அதற்கு மேலே ஒரு வரையாடு சுவர் மேல் நின்று என்னை அலட்சியமாகப் பார்த்தது. மறுநாள் இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் இரண்டாவது கியரிலேயே இன்ஜின் பிடிப்பில் விட்டேன். அதுவும் நல்லதுதான். ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது உள்ளே வாக்யூம் இழுத்து, கொஞ்சம் ஆயில் மேலே ஏறி, தேய்ந்து விழுந்த பொடியைக் கழுவிக்கொண்டு போகும் என்று அவரே சொல்லியிருக்கிறாரே. பொள்ளாச்சிக்கு வந்தபோது வண்டியின் இழுவையே வேறு மாதிரி இருந்தது. என் பிரமையாகவும் இருக்கலாம், ஆனால் கொழுந்தியாளும் சொன்னாள்.

ஆயிரத்தில் முதல் சர்வீஸ். ஆயில் மாற்றுங்கள் என்றேன். "பத்தாயிரத்துக்குத்தான் சார், இப்ப செக்கப் மட்டும்" என்றான் அட்வைசர். அவன் சொன்னது புத்தகப்படி சரி. முதல் ஆயிலில் தனியாக மருந்து கலந்து, அதைச் சீக்கிரம் மாற்றவே கூடாது என்கிற கம்பெனிகளும் உண்டு. என் வண்டியின் புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. அரை மணி நேரம் வாதாடி, காசு கொடுத்தே மாற்றினேன். பழைய ஆயிலை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுங்கள் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைவிட மேஸ்திரியின் திட்டே தேவலை.

வீட்டில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அதில் விட்டு எடுத்தேன். நுனியில் சாம்பல் நிறத்தில் மீசை மாதிரி மென்மையாக ஒரு பூச்சு. விரலில் தேய்த்தால் நெருடவில்லை. வெயிலில் சாய்த்தால் லேசான மினுமினுப்பு, காந்தத்துக்கு வராதது, அலுமினியமாக இருக்கும். பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. பையனிடம் காட்டினேன். "நான்தான் சொன்னேனே" என்றான். எதைச் சொன்னான்?

உன் விஷயம் ஒன்று. டாக்டர் நடக்கச் சொல்லியும் நீ நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று நெட்டையன் சொன்னான். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் கதையை மறுபடி ஒரு தடவை படி. நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மேஸ்திரியை நீ வந்து பார்க்க வேண்டும் மாப்ளே. தள்ளிப்போடாதே. உன்னைப் பார்த்தால் யாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாரோ தெரியாது. எனக்குப் பாக்கி இருக்கிற திட்டு உனக்குக் கிடைத்தாலும் கிடைக்கும், கணக்கு நேராகும். பஸ்ஸில் அவ்வளவு தூரம் காலை மடக்கி உட்கார உன்னால் முடியாது என்று தெரியும். அதனால் நானே வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வழியாக மத்தியானச் சாப்பாட்டுக்கு உன் வீட்டில் இருப்பேன். மீன் குழம்பு என்று டீச்சரிடம் இப்போதே சொல்லிவை. சனிக்கிழமை திரும்புகிறோம். ஆயில் பாட்டில் டிக்கியில் இருக்கிறது, நீயும் பார்த்துச் சொல்.

முன் சீட்டைப் பின்னால் தள்ளினால் உன் காலை நீட்டிக்கொள்ளலாம். இன்ச் டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டேன்.

உன்
கல்லு