பள்ளி மாற உதவித்தொகை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட மாணவர், தொல்லை தாங்காமல் அதற்கு முன்பே பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். அப்புறம், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு பற்றி நிறையப் பேசினோம். ஆனால் இன்று அடிவாங்கும் பிள்ளையை உடனே வேறு பள்ளியில் சேர்க்க ஏழைப் பெற்றோருக்கு என்ன வழி?

தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று கல்வி உரிமைச் சட்டம் தரும் 25 சதவீத ஒதுக்கீடு எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்போடு சரி. ஏழாம் வகுப்பில் மாறும் பிள்ளைக்கு அதில் இடமில்லை. வேறு அரசுப் பள்ளிக்கு மாறலாம், டி.சி. தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 5-ஆவது பிரிவு. நல்லதுதான். ஆனால் அந்தப் பள்ளி இருக்கும் ஊருக்குக் காலையில் பஸ் இல்லையென்றால், பிள்ளையை பைக்கில் கொண்டுவிடும் அப்பாவுக்கு அரைநாள் கூலி போச்சு.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2018-இல் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே உதவித்தொகை கொண்டுவந்தது: தனியார் பள்ளிக்குக் கட்டணம், வேறு அரசுப் பள்ளிக்குப் போனால் போக்குவரத்துச் செலவு. அடித்தவன் இருக்க, அடிவாங்கியவன் வெளியேறுவதா என்று எனக்கும் மனம் கொதிக்கிறது. அதற்காக விசாரணை முடியும்வரை பிள்ளை அங்கேயே கிடக்க முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098-இல் புகார் பதிவானதுமே கட்டணமோ விடுதிச் செலவோ கிடைக்கும்படி மாவட்ட ஆட்சியரிடம் ஒரு நிதியை அரசு ஒப்படைக்க வேண்டும்.

– ஒரு வாசகர், திருநெல்வேலி