எந்த ஊரில் விமானம் மாறுவது என்பதை எங்களிடம் விடுங்கள்

விமான நிறுவனங்களின் மைல் திட்டங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் அமெரிக்காவில் குடும்பத்தோடு இருக்கிறேன். சொந்த ஊர் மதுரைப் பக்கம். ஊருக்குப் போய்வருவதற்காகவே வருஷக்கணக்கில் மைல் சேர்த்துவருகிறோம், அதாவது காசுக்குப் பதிலாகக் கொடுத்து விமான டிக்கெட் எடுக்க உதவும் பரிசுப் புள்ளிகள். மளிகை வாங்கும்போதும் பெட்ரோல் போடும்போதும் எந்த கார்டை நீட்டினால் எத்தனை மைல் வரும் என்று பார்த்துத்தான் நீட்டுகிறோம். நாலு பேர் டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்குவது என்றால் பல வீடுகளில் ஊர்ப் பயணம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். மைல் இருந்தால் தள்ளிப்போகாது. அம்மா அப்பாவை இந்த வருஷம் பார்க்கிறோமா, அடுத்த வருஷமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கணக்கில் இருக்கும் எண்தான். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது. எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். லண்டன், ஃபிராங்க்ஃபர்ட், தோஹா, துபாய், அபுதாபி, சிங்கப்பூர், ஹாங்காங் என்று மாறுவதற்கு ஊருக்குப் பஞ்சமில்லை. தெற்கே போகிறவர்களுக்கு, பலர் யோசித்தே பார்க்காத இன்னொரு ஊரும் இருக்கிறது. அது கொழும்பு. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் அங்கிருந்து சென்னைக்கு மட்டுமல்ல, திருச்சிக்கும் மதுரைக்கும் பறக்கிறது. அந்த நிறுவனம் 2014 மே மாதத்திலிருந்து ஒன்வேர்ல்ட் கூட்டணியில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தில் சேர்த்த மைலை மற்ற உறுப்பினர்களின் விமானங்களிலும் பயன்படுத்தவிடும் கூட்டணி அது. கத்தார் ஏர்வேஸ் 2013 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. ஆகவே அதே கூட்டணியில் இருக்கும் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் சேர்த்த மைலை வைத்துக்கொண்டு தோஹாவில் ஒரு தடவை, கொழும்பில் ஒரு தடவை மாறி மதுரையில் இறங்க முடியும். சென்னையில் இறங்கி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு, இன்னும் 450 கிலோமீட்டருக்கு மேல் காரிலோ ரயிலிலோ போக வேண்டியதில்லை. வயதானவர்களோடும் கைக்குழந்தையோடும் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களில் ஒருவராவது அந்தச் சாலையில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

கூட்டாளி நிறுவனங்களின் விமானங்களுக்கு எத்தனை மைல் என்று சொல்லும் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் அட்டவணையில் மத்தியக் கிழக்கும் இந்தியத் துணைக்கண்டமும் ஒரே விலையில்தான் வருகின்றன. அமெரிக்காவிலிருந்து ஒருவழிக்கு எகானமி 40,000 மைல், பிசினஸ் 70,000 மைல். லண்டன் வழியாக பிரிட்டிஷ் ஏர்வேஸில் போனாலும் அதே மைல், தோஹா வழியாக கத்தார் ஏர்வேஸில் போனாலும் அதே மைல். ஆனால் பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தால் இரண்டும் ஒன்றல்ல. தோஹா வழிக்குச் சில பத்து டாலரோடு வேலை முடிந்துவிடும். லண்டன் வழிக்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்கும். பிசினஸ் வகுப்பில் கேட்கும் தொகையைப் பார்த்தால், எதற்காக மைல் சேர்த்தோம் என்றே தோன்றும்.

அந்தத் தொகை அரசாங்க வரி என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நினைக்கும்படிதான் பக்கமும் இருக்கிறது. ‘வரிகளும் கட்டணங்களும்’ என்று ஒரே வரி, அதன் எதிரே ஒரே தொகை. உண்மை வேறு. பிரிட்டன் தன் மண்ணிலிருந்து கிளம்பும் பயணியிடம் விமானப் பயணி வரி வாங்குகிறது, சரிதான். 2025 ஏப்ரலிலிருந்து ஓராண்டுக்கு இந்தியா போகும் எகானமிப் பயணிக்கு 90 பவுண்டு, அதற்கு மேலான வகுப்புகளுக்கு 216 பவுண்டு என்று வைத்தார்கள். ஆனால் ஒரே டிக்கெட்டில் அமெரிக்காவிலிருந்து வந்து, 24 மணி நேரத்துக்குள் லண்டனில் விமானம் மாறிப் போகிறவருக்கு அந்த வரி கிடையாது. அப்புறம் எதற்கு அத்தனை டாலர்? அதில் பெரும்பங்கு விமான நிறுவனம் தானாகப் போட்டுக்கொள்ளும் சர்சார்ஜ், அதாவது கூடுதல் கட்டணம். 2000களில் எண்ணெய் விலை ஏறியபோது எரிபொருளின் பெயரைச் சொல்லி வந்தது. எண்ணெய் இறங்கியபோது பெயரை மாற்றிக்கொண்டு அப்படியே தங்கிவிட்டது.

இதை வேறு மாதிரியும் செய்யலாம் என்று உங்கள் தொழிலில் உள்ளவர்களே காட்டியிருக்கிறார்கள். ஏர் கனடாவின் மைல் திட்டமான ஏரோபிளான் 2020 நவம்பரில் புதுப்பிக்கப்பட்டபோது, பாயிண்ட் (அங்கே மைலுக்குப் பெயர் அதுதான்) கொடுத்து எடுக்கும் டிக்கெட்டுகளில் இந்த சர்சார்ஜை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டது. எந்தக் கூட்டாளி விமானமாக இருந்தாலும் சரி, எடுத்ததுதான். அதோடு நிற்கவில்லை. இன்னும் 5,000 பாயிண்ட் கொடுத்தால் வழியில் ஓர் ஊரில் தங்கிவிட்டும் போகலாம். டொரோண்டோவில் இருக்கும் ஈழத் தமிழர் ஒருவர் கொழும்புக்குப் போகிற வழியில் இஸ்தான்புல்லில் நாலு நாள் பிள்ளைகளோடு தங்கலாம். ஜப்பானிய நிறுவனங்கள் சர்சார்ஜை வாங்குகின்றன, ஆனால் எரிபொருள் விலை இவ்வளவு இருந்தால் கட்டணம் இவ்வளவு என்று அட்டவணை போட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி அறிவிக்கின்றன. ஏற்றமும் தெரியும், இறக்கமும் தெரியும். அந்த நேர்மையாவது மற்றவர்களிடம் வரக்கூடாதா?

விலையைவிட எனக்கு அதிக ஆதங்கம் தேடல் பக்கத்தைப் பற்றித்தான். புறப்படும் ஊர், சேரும் ஊர் இரண்டையும் கொடுத்தால், நான் பயன்படுத்திய பக்கங்களில் பல, ஏறத்தாழ எப்போதும் ஒன்றிரண்டு பெரிய ஊர்கள் வழியாகத்தான் காட்டின. மதுரை என்று போட்டால் வழியே இல்லை என்று வந்த நாள்களும் உண்டு. அதே நாளில் பயணத்தின் முதல் துண்டை, அதாவது முதல் விமானத்தை மட்டும், தனியாகத் தேடினால் மைல் கொடுத்து எடுக்கும் சீட்டு இருந்தது. இரண்டாவது துண்டிலும் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. மூன்றையும் சேர்த்துக் கொடுக்கத்தான் பக்கத்துக்குத் தெரியவில்லை. ஒரு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். ஊழியர் பொறுமையாகத்தான் கேட்டார். “சீட்டு எனக்கும் தெரிகிறது, ஆனால் சிஸ்டம் சேர்க்க மாட்டேன் என்கிறது” என்றார். இன்னொரு நாள் வேறொருவர் எடுத்தார், அரைமணி நேரத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டார். விதி ஒன்றே, மைலும் ஒன்றே. யார் போனை எடுக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு குடும்பம் ஊருக்குப் போவதும் போகாததும் முடிவாகக் கூடாது.

தனித்தனியாக டிக்கெட் எடுத்துக்கொள்ளலாமே என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். சொல்வது எளிது. தனி டிக்கெட் என்றால் பெட்டி கடைசி ஊர்வரை போகும் என்ற உறுதி இல்லை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதைத் தவறவிட்டதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நடுவில் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டுமென்றால் அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். விசா என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், செல்லுபடியாகும் அமெரிக்க விசா போன்ற விலக்கு எதுவும் இல்லாவிட்டால், லண்டனில் விமானம் மாறுவதற்கே டிரான்சிட் விசா எடுக்க வேண்டும். தோஹாவிலும் சிங்கப்பூரிலும் ஒரே டிக்கெட்டில் விமான நிலையத்துக்குள்ளேயே மாறினால் அந்தக் கவலை இல்லை. விமானம் மாறும் ஊரைத் தேர்ந்தெடுப்பது எங்களுக்கு ஆடம்பரம் அல்ல என்று இதனால்தான் சொல்கிறேன்.

2025ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் 20 இரவு ஒரு துணை மின்நிலையத்தில் பிடித்த தீயால் மறுநாள் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையமே மூடப்பட்டது. ஜூன் 23 அன்று ஏவுகணைத் தாக்குதலால் கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியது. தோஹாவுக்குப் போய்க்கொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பின. இப்படிப்பட்ட நாளில் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கே திண்டாட்டம்தான். மைல் டிக்கெட் வைத்திருப்பவர் பாடு இன்னும் மோசம். டிக்கெட் கொடுத்தவரைக் கேட்டால் விமானத்தை ஓட்டுகிறவரைக் கேளுங்கள் என்கிறார், ஓட்டுகிறவரைக் கேட்டால் டிக்கெட் கொடுத்தவரைக் கேளுங்கள் என்கிறார். நானும் இந்த இரண்டு கவுன்டர்களுக்கு நடுவே நடந்திருக்கிறேன், கூட வயதான அம்மாவை வைத்துக்கொண்டு. ஓர் ஊர் மூடினால், கூட்டணியில் இன்னோர் ஊர் வழியாக, கூடுதல் மைல் கேட்காமல், முதலில் டிக்கெட் கொடுத்தவரே மாற்றித் தர வேண்டும். கூட்டணி என்ற பெயரில் எங்களிடம் மைலை விற்கிறீர்கள். கஷ்டம் வரும் நாளில்தான் அந்தக் கூட்டணி எங்கள் கண்ணில் பட வேண்டும்.

திருச்சி, கோயம்புத்தூர் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரிலிருந்து இந்த இரண்டு ஊர்களுக்கும் ஸ்கூட் பறக்கிறது.  ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்த நிறுவனம்தான், ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கும் ஸ்டார் அலயன்ஸ் என்ற இன்னொரு கூட்டணியில் ஸ்கூட் உறுப்பினர் அல்ல. அதனால் மற்ற ஸ்டார் அலயன்ஸ் நிறுவனங்களில் மைல் சேர்த்தவர்களுக்கு சிங்கப்பூரோடு வழி நின்றுவிடுகிறது. கொங்கு நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அந்தக் கடைசி நாலரை மணி நேரத்தையும் இணைத்துக் கொடுங்கள்.

முன்னறிவிப்பு இல்லாமல் மைல் விலையை ஏற்றுவதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. யுனைடெட் ஏர்லைன்ஸ் 2019 நவம்பரில் தன் மைல் விலை அட்டவணையை நீக்கியதிலிருந்து, எவ்வளவு சேர்த்தால் போதும் என்பதே அந்த மைல் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. 2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நாலு பெரிய நிறுவனங்களிடம் கேட்ட கேள்விகளும் இவைதான்: மைலின் மதிப்பை எப்படிக் குறைக்கிறீர்கள், விலையை எப்படி வைக்கிறீர்கள், மறைந்திருக்கும் கட்டணங்கள் என்னென்ன. பதிலை அரசாங்கத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். சேர்த்தவர்களுக்கும் சொல்லுங்கள். ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால், ஆறு மாதம் முன்னால் சொல்லிவிட்டு ஏற்றுங்கள்.

பொங்கலுக்கு ஊரில் இருக்க வேண்டும் என்று நினைக்கும் வீடுகளில் அதற்கு முந்தைய பிப்ரவரியிலேயே மைல் சீட்டு தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 11 மாதத்துக்கு முன்னால்தான் நீங்கள் முன்பதிவைத் திறப்பீர்கள், திறந்த சில நாளில் தீர்ந்தும்விடும். அடுத்த பிப்ரவரிக்குள் இரண்டு காரியம் செய்யுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் அரசாங்க வரியைத் தனியாகவும் உங்கள் சர்சார்ஜைத் தனியாகவும் போடுங்கள். மதுரை, திருச்சி என்று தேடினால் கொழும்பு வழியையும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைலை நம்பி ஊர்ப் பயணத்தைத் திட்டமிடும் ஒருவன்