கத்தி பிடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கும் வழி சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

செஃப் ஆவது எப்படி என்று உங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையை எங்கள் கிச்சனில் உரக்கப் படித்தோம். பட்டப்படிப்பும் அதற்கான நுழைவுத் தேர்வும் மட்டுமே அதில் இருந்தன. பத்தாவதோடு நின்றுவிட்ட காசிமேட்டுப் பையன் அதைப் படித்தால், இது நமக்கில்லை என்று மடித்து வைத்துவிடுவான்.

அவனுக்கும் வழி இருக்கிறது. பத்தாவது தேறியவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் ஓராண்டு உணவுத் தயாரிப்புப் பிரிவு உண்டு. ஒன்றிய அரசின் ஓட்டல் மேலாண்மைக் கழகங்களில் ஒன்றரை ஆண்டுச் சமையல் சான்றிதழ் படிப்பும் உண்டு. அவற்றில் ஒன்று நம் தரமணியிலேயே இருக்கிறது.

என் அக்கா மகனைக் கடன் வாங்கி ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்தோம். முதல் வருஷம் அவன் அடுப்பருகே நின்ற நாட்களை விரல்விட்டு எண்ணலாம். செய்முறை வகுப்பில் இருபது பேருக்கு ஒரு கோழி. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிள்ளை கையில் கத்தி இருக்கும் என்று கேட்காமல் யாரும் பணம் கட்ட வேண்டாம்.

நான் 22 ஆண்டுகளாக ஓட்டல் கிச்சனில் இருக்கிறேன். முதல் ஆறு மாதம் வெங்காயமும் பூண்டும்தான். மீன் பக்கம் விட்ட அன்றே வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து, இது பழைய மீன் என்றேன். செஃப் மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார். விடியற்காலையில் அம்மாவோடு காசிமேட்டு ஏலத்துக்குப் போய்ப் பழகிய கண் அது. ஆனால் நறுக்கும்போது சமைக்காத மீனுக்கு நீல நிற வெட்டுப்பலகை, காய்கறிக்குப் பச்சை நிற வெட்டுப்பலகை என்று எனக்குத் தெரியாது. சமைத்ததை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் விட்டுவைத்தால் கிருமி பெருகும் என்பதும் தெரியாது. உப்பைக் கையால் அள்ளியே பழக்கம். கிராம் கணக்கு எழுத வராது. வாடிக்கையாளர் கேட்டதை எழுதி கிச்சனுக்கு அனுப்பும் கேஓடி சீட்டில் இருக்கும் ஆங்கிலம் புரியாமல் கூசி நின்றிருக்கிறேன். கமியாக, அதாவது கடைநிலைச் சமையல்காரராகச் சேர்ந்த நான் சிடிபி, அதாவது ஒரு பிரிவுக்குப் பொறுப்பான செஃப் ஆக ஒன்பது வருஷம் ஆனது. சான்றிதழோடு வந்த பையன்கள் பாதிக் காலத்தில் அங்கே வந்துவிட்டார்கள்.

வேலையின் கஷ்டத்தையும் சேர்த்தே எழுதுங்கள். பிரேக் ஷிப்ட் என்றால் மதியத்துக்கு ஒரு முறை, ராத்திரிக்கு ஒரு முறை. நாள் முழுக்க நின்றே வேலை. தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியாது. தெரிந்து வருகிற பிள்ளை பாதியில் ஓடமாட்டான்.

பத்தாம் வகுப்பு முடிவு வருவதற்குள் இந்தப் படிப்புகளின் கட்டணம், விண்ணப்பத் தேதி, விடுதி விவரத்தைத் தமிழில் ஒரு முழுப் பக்கம் வெளியிடுங்கள். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம் மாநகராட்சிப் பள்ளிகளில் அந்தப் பக்கத்தை ஒட்டும் வேலையை நாங்கள் நான்கு பேர் பார்த்துக்கொள்கிறோம்.

ஓட்டல் சமையல்காரர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை