திரை மறைத்த அந்தச் சில நிமிடங்கள்: எங்கள் தெருவுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். பிரிட்டிஷ் ராஜா ராணிகளின் முடிசூட்டு விழாக்களில் யார் யார் எதை எப்படிப் பார்த்தோம் என்று தேவாலயக் கூடத்தில் உட்கார்ந்து பேசினோமே, 2023 மே 13, சனிக்கிழமை மாலை, அது முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. கூடத்தைப் பெருக்கிச் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று இரவே எழுத உட்கார்ந்தேன். பதிவு செய்த பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் நாட்கள் ஓடிவிட்டன. சமைத்தவர்களும் நாற்காலி தூக்கியவர்களும் முக்கால்வாசி நம் ஆட்கள் என்பதால் தமிழில் எழுதுகிறேன். தெருவில் உள்ள ஆங்கிலேயப் பெரியவர்களுக்கு வீடு வீடாகப் போய் இதை ஆங்கிலத்தில் சொல்வது என் மகளின் பொறுப்பு. அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதல் நன்றி தேவாலயத்துக்காரர்களுக்கு. ஏற்கனவே பேசி வைத்திருந்த இடத்தில் இரண்டு நாள் முன்னால் கையை விரித்துவிட்டார்கள். முப்பது பெரியவர்களை எங்கே உட்கார வைப்பது என்று நான் தவித்து நின்றபோது, ஒரே தொலைபேசி அழைப்பில் கூடத்தைத் திறந்துவிட்டீர்கள். வாடகை வேண்டாம் என்றீர்கள். ஹீட்டரையும் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தீர்கள். 93 வயதுப் பாட்டி ஒருவர் கோட்டைக் கழற்றிவிட்டு இரண்டு மணி நேரம் நிம்மதியாகப் பேசினார் என்றால் அது உங்களால்தான்.

அந்தப் பாட்டிக்கு அடுத்த நன்றி. அன்று கூடத்தில் 1937 மே 12ஐக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஆறாம் ஜார்ஜ் முடிசூடிய நாள். பிபிசி தொலைக்காட்சி தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. முடிசூட்டு நடக்கும் தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபே உள்ளே தொலைக்காட்சிக் கேமராவை விடவில்லை, ஹைட் பார்க் கார்னரில் நின்று ஊர்வலத்தை மட்டும் காட்டினார்கள். பாட்டி வீட்டில் தொலைக்காட்சி ஏது? ஏழு வயதுப் பிள்ளையாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து தெருவில் பார்த்தார். கூட்டத்தில் உயரம் போதாதவர்கள் அட்டையில் செய்த பெரிஸ்கோப்பைத் தூக்கிப் பிடித்திருந்தார்களாம். “ராஜாவின் முகம் எப்படி இருந்தது?” என்று ஒரு பையன் கேட்டதற்கு, தங்க ரதத்தின் சக்கரத்தையும் குதிரைகளையும்தான் பார்த்தேன் என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்பாவின் கோட் காலரில் இருந்த ஈரக் கம்பளி வாசனை இன்னும் நினைவிருக்கிறது என்றார். பதிவில் அந்த இடம் வரும்போதெல்லாம் நிறுத்திவிட்டுத்தான் மேலே கேட்கிறேன்.

கடைசி வீட்டு அம்மாவுக்கும் நன்றி, 1953ஐ எங்கள் கண்முன் கொண்டு வந்து நிறுத்தியதற்கு. இரண்டாம் எலிசபெத் ராணி முடிசூடிய ஜூன் 2, நாள் முழுக்க மழை. முதலில் அபே உள்ளே நேரடி ஒளிபரப்பு கூடாது என்றுதான் முடிவெடுத்திருந்தார்கள். ஜனங்கள் விடவில்லை, முடிவு மாறியது. பிரிட்டனில் மட்டும் 2 கோடியே 70 லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்ததாகக் கணக்கு. பார்த்தவர்களில் பெரும்பாலோர் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள். இந்த அம்மாவின் அப்பா அந்த வசந்தத்தில்தான் தவணையில் ஒரு பெட்டி வாங்கியிருந்தார். ஒன்பது அங்குலத் திரை, அது பெரிதாகத் தெரிவதற்காக முன்னால் ஒரு லென்ஸ். திரைச்சீலைகளை இழுத்து மூடி, ஞாயிற்றுக்கிழமைத் துணிமணி போட்டுக்கொண்டு, இருபத்து மூன்று பேர் ஒரே அறையில். சர்க்கரைக்கு அப்போதும் ரேஷன்தான். விழாவுக்கென்று தலைக்கு ஒரு ராத்தல் கூடுதலாகக் கொடுத்தார்கள், அவருடைய அம்மா அத்தனையையும் கேக்கிலேயே போட்டுவிட்டாராம்.

கொட்டும் மழையிலும் கூரையை மூடாத வண்டியில் சிரித்தபடி போன டோங்கா நாட்டு ராணி சலோட்டேயைப் பற்றி அவர் சொன்னபோது அறை முழுக்கத் தலையாட்டியது. எழுபது வருடம் கழித்தும் அந்தச் சிரிப்பை யாரும் மறக்கவில்லை.

சரி, அன்று நம் எல்லோரையும் ஒரு சேர நிமிர்ந்து உட்கார வைத்த விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெய் பூசும் சடங்கு. ராணி பட்டாடை, நகை எல்லாவற்றையும் களைந்துவிட்டு, சாதாரண வெள்ளை அங்கியில் 1300ஆம் ஆண்டு வாக்கில் செய்த அந்த மர நாற்காலியில் உட்கார்ந்தார். நான்கு பிரபுக்கள் தங்க விதானத்தைக் கொண்டு வந்து தலைக்கு மேல் பிடித்தார்கள். கேமரா பார்வையை விலக்கிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அந்த நிமிடங்கள் கிடையாது. “அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் நாங்கள் தவழ்ந்து லென்ஸுக்குக் கிட்டே போனோம், ஓரத்திலாவது ஏதாவது தெரியாதா என்று” என்றார் கடைசி வீட்டு அம்மா.

அதைக் கேட்டதும் பின்வரிசையில் பிள்ளைகள் பக்கம் ஒரே சத்தம். அதற்கு ஒரு வாரம் முன்னால்தானே, மே 6ஆம் தேதி, மூன்றாம் சார்லஸுக்கு எண்ணெய் பூசும்போது மூன்று பக்கமும் தட்டி வைத்து மறைத்தார்கள். காமன்வெல்த் நாடுகளின் பெயர்களை இலை இலையாகத் தைத்த மரம் மட்டும்தான் அதில் தெரிந்தது. எங்கள் வீட்டில் கூடியிருந்த பிள்ளைகளில் ஐந்து வயதுக்காரன் ஒருவன் எழுந்து போய்த் தொலைக்காட்சிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். கூடத்தில் அவன், 79 வயதான கடைசி வீட்டு அம்மாவிடம், “நீங்களும் பார்க்கலையா?” என்று கேட்டான். “நானும் பார்க்கவில்லை” என்று அவர் கையை நீட்ட, இவன் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதைப் படம் எடுத்த தம்பிக்குத் தனியாக நன்றி. நான் எடுக்க மறந்தே போனேன்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஐயா அன்று பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்டபோதெல்லாம் “எனக்கென்ன தெரியும்” என்று ஒதுங்கியவர். 1953இல் இலங்கைக்கும் எலிசபெத்தான் ராணி, 1972இல் குடியரசு ஆகும் வரைக்கும். ஐயாவுக்கு அப்போது பதினொரு வயது. பக்கத்து வீட்டு முற்றத்தில் ஒரு ரேடியோவைச் சுற்றி ஒழுங்கை முழுக்கக் கூடியிருந்ததாம். லண்டனில் காலை என்றால் அங்கே பின்னேரம். கரகரப்புக்கு நடுவே ஆங்கிலத்தில் கேட்பதை மாமா ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டு முழங்கத் தொடங்கியதும், இப்போது என்ன நடக்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. திண்ணையில் இருந்த அம்மம்மா மட்டும், “எண்ணெய் வைச்சாச்சோ?” என்று கேட்டார். ஓம் என்றார் மாமா. “அப்ப சரி” என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். கிரீடம் வைப்பதைக் கேட்க அவர் காத்திருக்கவே இல்லை.

ஐயா, அந்த அம்மம்மாவின் ஒரு கேள்வியில் எனக்கு எவ்வளவோ புரிந்தது. நாம் பட்டாபிஷேகம் என்று சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே அபிஷேகம் இருக்கிறது. என் அம்மா வீட்டுப் பூஜை அறையில் ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஆனாலும் மே 6ஆம் தேதி கிரீடம் எப்போது வரும் என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணெயில் என்ன இருக்கிறது என்று அன்று கூடத்தில் என் மகள் படித்தாளே, நினைவிருக்கிறதா? ஜெருசலேமின் ஒலிவ மலையில் விளைந்த காய்களின் எண்ணெய், அதில் எள், ரோஜா, மல்லிகை, இலவங்கப்பட்டை. மல்லிகை என்றதும் நம் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. அதை ஊற்றிய கரண்டி 12ஆம் நூற்றாண்டுடையது. 1649இல் மன்னராட்சியை ஒழித்துப் பழைய கிரீடங்களை உருக்கியபோது அதை ஒருவர் விலைக்கு வாங்கி வைத்திருந்து, மறுபடி ராஜா வந்ததும் திருப்பிக் கொடுத்தார். 1937இல் பூசியதும் 1953இல் பூசியதும் 2023இல் பூசியதும் அந்தக் கரண்டியால்தான்.

ஐயா இன்னொன்றும் சொன்னார். 1954 ஏப்ரலில் ராணி கொழும்புக்கு வந்தபோது மாமாவோடு இரவு ரயிலேறிப் போய், வெயிலில் நின்று, காருக்குள் ஒரு வெள்ளைக் கையுறையைப் பார்த்தாராம். அந்தப் பயணத்தில் கொழும்பில் நாடாளுமன்றத்தைத் திறந்து வைக்க ராணி முடிசூட்டு விழா அன்று போட்ட அதே கவுனைத்தான் போட்டிருந்தார். அதில் இலங்கைக்காகத் தாமரை தைத்திருந்தது. இதைக் கேட்ட கடைசி வீட்டு அம்மா, அந்தத் தாமரையை எங்கள் சின்னத் திரையில் பார்க்கவே முடியவில்லை என்றார். அதற்குப் பிறகு இருவரும் ஒரு மூலைக்குப் போய்ப் பேசத் தொடங்கியவர்கள், தேநீர் ஆறிப்போகும் வரை எழுந்திருக்கவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு, இங்கேயே பிறந்தவர்களானாலும் மதுரையிலிருந்து வந்த என்னைப் போன்றவர்களானாலும், சொல்ல ஒரே ஒரு விழாதான். எழுபது வருடம் இடைவெளி. அதனால் நாங்கள் எல்லோரும் கேட்கிற இடத்தில் உட்கார்ந்தோம், அதுவும் நல்லதாகப் போயிற்று.

சாப்பாட்டுக்கு நன்றி சொல்லாமல் முடிக்க முடியாது. 1953 விழாவுக்கென்றே உருவான கறித்தூள் போட்ட கோழிக் கலவை, இந்த வருட விழாவுக்கான கீரை கீஷ் என்ற முட்டைப் பை, நம் மெதுவடை, கேசரி எல்லாம் ஒரே மேசையில். வடை முதலில் தீர்ந்தது. மேசை துடைத்த பிள்ளைகளுக்கும், சக்கர நாற்காலியைப் படியில் தூக்கி ஏற்றிய மூன்று தம்பிகளுக்கும், காரில் பெரியவர்களை அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விட்டவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

இரண்டு விஷயம் மட்டும். பேச்சின் பதிவைக் கேட்பவர்களுக்கெல்லாம் நகல் எடுத்துத் தருகிறேன், பெரியவர்களின் வீட்டார் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், 1953 விழாவுக்குப் பள்ளியில் கொடுத்த, கைப்பிடி ஒட்டிய கோப்பை என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அதற்குள் யாரோ ஒரு பையன் தன் காகிதக் கிரீடத்தை மடித்து வைத்திருக்கிறான். எடுக்கவில்லை. கடைசி வீட்டு அம்மாவிடம் அப்படியே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
எட்டாம் எண் வீட்டிலிருந்து