ரீம்ஸ் ஒரு நாள் சுற்றுலா: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார் கடிதம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கிருஷ்ணகிரி.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: பாரிஸிலிருந்து ரீம்ஸ், எபெர்னே சென்றுவரும் ஒரு நாள் வழிகாட்டிச் சுற்றுலாவைச் சொன்னபடி நடத்தாதது, ஓசூர் கிளையில் அவமதித்துப் பேசியது, கட்டணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். போனில் கேட்டால் மெயில் அனுப்பச் சொல்கிறார்கள். மெயில் அனுப்பினால் உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது என்று ஒரு எண் வருகிறது, அப்புறம் உருப்படியான பதில் இல்லை. அந்த எண்ணைச் சொல்லி மறுபடி போன் செய்தால், பணம் கட்டிய கிளையிலேயே கேளுங்கள் என்கிறார்கள். கிளையில் போய் நின்றால் வெளிநாட்டு டூர் எல்லாம் தலைமை அலுவலகம்தான் பார்க்கும் என்கிறார்கள். தலைமை அலுவலகத்தில் போனை எடுத்தவர் கிருஷ்ணகிரி எந்த மாநிலம் என்று கேட்டார். ஊருக்கும் ஓசூருக்கும் அலைந்து கால் ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். இந்தத் தடவையாவது யாராவது முழுவதும் படியுங்கள்.

என்ன சுற்றுலா என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களே அச்சடித்த தாள்தான். காலை ஏழரைக்குப் புறப்பாடு, வழிகாட்டியுடன் ரீம்ஸ் பேராலயம், புனித ரெமி பசிலிக்கா, சுண்ணப்பாறையில் குடைந்த ஷாம்பெய்ன் நிலவறை, பிற்பகல் எபெர்னே, மூன்று இடங்களில் ஷாம்பெய்ன் சுவைத்தல். ஐரோப்பா டூர் கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு ரூ.24,500. இரண்டு பேருக்கு ரூ.49,000. ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. குழுவில் இருந்த மற்றவர்கள் அன்றைக்குப் பாரிஸ் கடைகளுக்குப் போனார்கள். நாங்கள் இருவரும் பணம் கட்டி இதைக் கேட்டு வாங்கினோம்.

ஏன் என்றால் அது நான் வகுப்பில் நடத்திய ஊர். பிரான்ஸ் மன்னர்கள் காலங்காலமாக முடிசூட்டிக்கொண்ட இடம். 1429 ஜூலை 17 அன்று ஏழாம் சார்லஸ் முடிசூடியபோது ஜோன் ஆஃப் ஆர்க் பக்கத்தில் நின்ற பேராலயம். 1914-ல் ஜெர்மன் குண்டுவீச்சில் கூரையோடு எரிந்தது. 1945 மே 7 அதிகாலையில் ஜெர்மனி சரணடைந்து கையெழுத்துப் போட்டதும் இதே ஊரில்தான், ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில். அந்த ஒரு விவரத்தைச் சொல்லும்போது கடைசி பெஞ்சுப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தத் தெரு வழியாகவாவது வண்டி போகுமா என்று உங்கள் வழிகாட்டியிடம் கேட்டேன். அதெல்லாம் லிஸ்டில் இல்லை என்றார். சரி, லிஸ்டில் இல்லாததை விட்டுவிடுகிறேன். லிஸ்டில் இருந்ததைப் பேசுவோம்.

எங்களை ஏழேகாலுக்கே கீழே வந்து நிற்கச் சொன்னீர்கள். நின்றோம். வண்டி வந்ததே தாமதம். வந்த பிறகும் வேறு ஓட்டல்களைச் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டே இருந்தது. பாரிஸை விட்டு வெளியே வரும்போது ஒன்பதரை. பாரிஸ் கிழக்கு ரயில் நிலையத்தில் ஏறினால் அதிவேக ரயில் 45 நிமிடத்தில் ரீம்ஸ் போய்விடுகிறது. நாங்களே டிக்கெட் எடுத்துப் போயிருந்தால் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு ஊரையே சுற்றிப் பார்த்திருப்போம். போக்குவரத்து நெரிசல் என்று உங்கள் பதிலில் எழுதியிருக்கிறீர்கள். நெரிசல் இல்லை. மற்ற ஓட்டல்காரர்களுக்காக எங்கள் காலையைத் தின்றீர்கள்.

அன்றைய நாள் கெட்டது முழுக்க அந்தத் தாமதத்தால்தான். பேராலய வாசலில் மைக்கைக் கழற்றிவிட்டு, "20 நிமிஷம், போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க" என்று சொல்லி வழிகாட்டி வெளியிலேயே நின்றுகொண்டார். 1211-ல் கட்டத் தொடங்கிய கோயில் ஐயா அது. உள்ளே 130 மீட்டருக்கு மேல் நீளம். கிருஷ்ணகிரி கோட்டையைப் பார்க்கவே பள்ளிப் பிள்ளைகளை அரை நாள் கூட்டிக்கொண்டு போவேன். இடப்பக்க வாசலில் சிரிக்கும் தேவதையின் சிலை இருக்கிறது. நானாகத்தான் தேடிக் கண்டுபிடித்தேன். 1914 செப்டம்பர் தீயில் அதன் தலை உடைந்து விழுந்தது. போருக்குப் பிறகு துண்டுகளைச் சேர்த்து 1926-ல் மறுபடி பொருத்தினார்கள். தலை லேசாகச் சாய்ந்து, உதட்டோரம் மடிந்து, நம்மிடம் ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருக்கிறது முகம். பக்கத்தில் நின்ற ஆந்திரக் குடும்பத்துக்கு நான்தான் இதையெல்லாம் சொன்னேன். உங்கள் வழிகாட்டி செய்ய வேண்டிய வேலை அது. கோடியில் ஓவியர் மார்க் ஷகால் வடிவமைத்து 1974-ல் பொருத்திய நீலக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. பாதி தூரம் போவதற்குள் வாசலிலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டுவிட்டார். அந்த நீலத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இந்த வயதில், இந்த முழங்காலோடு இன்னொரு முறை நான் பிரான்ஸ் போகப்போவதில்லை. அதை யார் திருப்பித் தருவது?

புனித ரெமி பசிலிக்காவை ஜன்னல் வழியாகக் காட்டினார். வண்டி நிற்கக்கூட இல்லை. பிராங்க் இன மன்னன் க்ளோவிஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ரெமியின் கல்லறை உள்ள இடம். பேராலயத்தோடு சேர்த்து யுனெஸ்கோ 1991-லேயே உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்த இடம். உங்கள் தாளில் அதன் பெயர் தடித்த எழுத்தில் இருக்கிறது.

இதை ஓசூர் கிளையில் சொன்னபோது உங்கள் ஊழியர் என்ன சொன்னார் தெரியுமா? "சர்ச்சுதானே மேடம், நம்ம ஊர்ல இல்லாத சர்ச்சா?" இது மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் பேசியதில் இதைவிட மோசமானது இருக்கிறது, வருகிறேன்.

நிலவறை. இதுதான் என் கணவர் அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்கே காரணம். அவர் இங்கே மாங்கூழ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பெங்களூரா மாம்பழ சீசனில் வீட்டுக்கு வருவதே அபூர்வம். டின்னுக்குள் ஈஸ்ட் புகுந்து நொதித்துவிட்டால் டின் உப்பும், அந்தத் தடவை அடைத்த சரக்கு மொத்தமும் போய்விடும். நொதித்தலைத் தடுப்பதற்கே உழைத்த மனிதர், அதே நொதித்தலை வேண்டுமென்றே பாட்டிலுக்குள் அடைத்து, கிட்டத்தட்ட ஆறு வளிமண்டல அழுத்தத்தில் தாங்க வைக்கிறார்கள் என்று படித்துவிட்டு ஆசைப்பட்டார். பாட்டில்களைக் கழுத்து கீழாகச் சாய்த்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அடியில் படிந்த ஈஸ்ட் கசடை வாய்ப்பக்கம் இறக்குவார்களாம். அப்புறம் கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால், உள்ளே இருக்கும் அழுத்தமே கசடை வெளியே தள்ளிவிடுமாம். வருடம் முழுக்க 10 முதல் 12 டிகிரி இருக்கும் அந்தச் சுண்ணப்பாறைக் குகைக்குள் நின்று இதைப் பார்க்க வேண்டும் என்று கம்பளிச் சட்டைகூடத் தனியாக எடுத்து வைத்திருந்தார். குறிப்பேட்டில் கேள்விகள் எழுதி வைத்திருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எங்கள் குழுவுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. அடுத்த குழு இறங்கிக்கொண்டிருந்தது. எங்களை எபெர்னேயில் ஒரு கடையின் பின்னறையில் உட்கார வைத்து டிவியில் ஒரு படம் போட்டார்கள். அது முடிந்ததும் ஆளுக்கு ஒரு கிளாஸ். மூன்று இடம் என்றது ஒரு இடம். யுனெஸ்கோ 2015-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அந்த ஊர்த் தெருவான ஷாம்பெய்ன் அவென்யூவில் எங்களை இறக்கிவிட்டு, கழிவறைக்குப் போய்வர மட்டும் நேரம் கொடுத்தார்கள். என் கணவர் அந்தக் குறிப்பேட்டைத் திறக்கவே இல்லை. வண்டியில் திரும்பும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஐரோப்பாப் பயணம் முழுவதுமே அந்த ஒரு நாளால் கசந்துபோயிற்று. நான்கு லட்சத்துக்கு மேல் செலவழித்து நாங்கள் கொண்டுவந்தது இந்தக் கசப்பைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாவது சுவைத்தல் என்று நீங்கள் கணக்குக் காட்டுவது, திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் டிரைவர் டிக்கியிலிருந்து எடுத்து பிளாஸ்டிக் கப்பில் ஊற்றியதையா? அந்த பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஷாம்பெய்ன் பாட்டிலில் அந்தப் பெயர் கட்டாயம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அதில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த வட்டாரத்தில் விளைந்த திராட்சையில், பாட்டிலிலேயே இரண்டாவது முறை நொதிக்க வைத்து, குறைந்தது 15 மாதம் நிலவறையில் வைத்ததைத்தான் அப்படி விற்க முடியும் என்று உங்களுக்குத் தெரியாதா? இந்தச் சுற்றுலாவை விற்கிறவர்கள் நீங்கள். வேறு ஏதோ நுரைக்கும் வைனை ஊற்றிக் கொடுத்துவிட்டு ஷாம்பெய்ன் என்று சொல்வது ஏமாற்று வேலை.

நான் மது அருந்துவதில்லை. அதைப் பணம் கட்டும்போதே சொன்னேன். "குடிக்காதவங்களுக்குத் திராட்சை ஜூஸ் கண்டிப்பா உண்டு மேடம்" என்று உங்கள் கிளையிலிருந்தே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார்கள். அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. அங்கே எனக்குக் கிடைத்தது தண்ணீர்.

இப்போது ஓசூர் விஷயத்துக்கு வருகிறேன். அசல் ரசீதோடு சனிக்கிழமை காலை நேரில் வந்தால்தான் பணம் திருப்பும் மனுவை எடுத்துக்கொள்வோம் என்று உங்கள் கிளையிலிருந்து போன் செய்தார்கள். கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். முழங்கால் வலியோடு இருக்கும் கணவரையும் கூட்டிக்கொண்டு, சித்திரை வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். போனால் மேலாளர் விடுப்பு. கவுண்டரில் இருந்த இளைஞர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை. "ஒரிஜினல் எதுக்கு, ஸ்கேன் பண்ணி மெயில் போட்டுடுங்க" என்றார். நேரில் வரச் சொன்னதே நீங்கள்தானே தம்பி என்றேன். யார் சொன்னது, பெயர் தெரியுமா என்றார். என் கணவரை உட்காரச் சொல்லி ஒரு நாற்காலி காட்டவில்லை. நான் நடந்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே குறுக்கிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னால் கேட்டார்:

"குடிக்கிற பழக்கமே இல்லைங்கிறீங்க. அப்புறம் எதுக்கு மேடம் ஷாம்பெய்ன் டூருக்குப் போனீங்க?"

பக்கத்து மேசையில் இருந்த பெண் சிரித்தார். அதை அவர் அடக்கவும் இல்லை.

நான் பள்ளியில் பாடம் நடத்தியவள். இந்த மாவட்டத்தில் எங்கே போனாலும் டீச்சர் என்று எழுந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐம்பதாயிரம் ரூபாயை விட்டுவிடலாம் என்று என் கணவர் அன்றைக்கே சொன்னார். அந்தக் கேள்வியை என்னால் விட முடியவில்லை. பழமையான ஒரு நகரத்தைப் பார்க்கவும், ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் குடிக்க வேண்டும் என்று எந்தத் தாளில் அச்சடித்திருக்கிறீர்கள்? பணம் வாங்கும்போது அந்தக் கேள்வியை ஏன் கேட்கவில்லை? அப்போது அதே கவுண்டரில் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்த இளைஞரின் வேலையைப் பறிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வீட்டில் அவரை நம்பி யாராவது இருப்பார்கள். வயதானவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அன்று நடந்ததற்கு உங்கள் நிறுவனத்தின் பெயரில், எழுத்தில், எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேளுங்கள்.

அடுத்த பயணத்துக்கு ரூ.2,000 தள்ளுபடி கூப்பன் தருவதாகக் கடைசியாக ஒரு மெயில் வந்தது. தயவுசெய்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வேண்டியது ரூ.49,000 முழுத் தொகை. பேராலயத்தைத்தான் பார்த்தீர்களே, ஒரு கிளாஸ் குடித்தீர்களே என்று கழித்துக்கொண்டு பேச வேண்டாம். ஓசூருக்கு அலைந்த செலவையும், அன்று மாலை என் கணவருக்கு ரத்த அழுத்தம் ஏறி மருத்துவரிடம் போன செலவையும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

நான் சண்டைக்காரி இல்லை. நீங்கள் ஒழுங்காகப் பதில் சொன்னால் இதை இத்தோடு முடித்துக்கொள்ளத் தயார். ஆனால் இந்தக் கடிதம் கிடைத்து 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு எங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. என்னிடம் படித்த பிள்ளைகளில் வக்கீல்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன். சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் இரண்டையும் சேர்த்தே போடலாம் என்கிறார். அப்போது நான் கேட்கும் தொகை ரூ.49,000-த்தோடு நிற்காது.

அந்த நிலைக்கு என்னைத் தள்ள மாட்டீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

ரசீது, உங்கள் பயணத் திட்டத் தாள், வாட்ஸ்அப் செய்தி, அந்த பாட்டில் லேபிளின் படம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். அசல் எல்லாம் என்னிடமே இருக்கும். அவற்றைக் கேட்டு இனி யாரும் ஓசூருக்கு வரச் சொல்ல வேண்டாம். போனிலும் கூப்பிட வேண்டாம். பதிலை எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பணத்தை நாங்கள் செலுத்திய அதே வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கிருஷ்ணகிரி.