தரகர் பெயர் பத்திரத்தில் எங்கே?

ஆசிரியருக்கு,

வணக்கம். மனைத் தரகர்களுக்கான பதிவு விதிகளை மாநிலங்கள் இறுக்கி வருவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாளையங்கோட்டையில் முப்பது வருடமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்கும் இதில் ஒரு ஆதங்கம் உண்டு.

பத்திரம் எழுத உரிமம் வேண்டும். அதற்கென்றே 1982-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. நான் தேர்வு எழுதித்தான் வாங்கினேன். எழுதுகிற ஒவ்வொரு கிரையத்தின் கடைசியிலும் என் பெயரும் உரிம எண்ணும் கையெழுத்தும் இருக்கும். சர்வே எண்ணில் ஒரு உட்பிரிவு பிசகினால் வீடு தேடி வந்துவிடுவார்கள். ஆனால் இடத்தைக் காட்டி, விலை பேசி, அட்வான்ஸ் கைமாற்றி, இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிய தரகர் பெயர் அந்தப் பத்திரத்தில் எங்கேயும் கிடையாது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் நோட்டை எண்ணிச் சட்டைப்பையில் வைத்தால் அவர் ஜோலி முடிந்தது.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு அம்மா பத்திரத்தைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார். மகன் துபாயில் இருந்து அனுப்பிய பணத்தில் ஐந்து சென்ட் வாங்கியவர். பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் இருந்த பழைய வயக்காடு. கோடையில் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார் தரகர். வில்லங்கச் சான்றில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மனையின் ஓரமாக ஒரு வாய்க்கால் போவது வில்லங்கத்தில் தெரியாது, சர்வே எண்ணின் அளவு வரைபடமான புலப்படத்தில்தான் தெரியும். அதை எடுத்துப் பார்க்கச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை. நானும் கேட்கவில்லை, அந்த உறுத்தல் இன்னும் இருக்கிறது. மழையில் மனையில் இடுப்பளவு தண்ணீர். தரகர் போன் எண்ணையே மாற்றிவிட்டார். "அண்ணாச்சி, உங்க பேரு இருக்கு, சாட்சிக்காரங்க பேரு இருக்கு, அவரு பேரு இதுல எங்க இருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார். என்ன சொல்ல?

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, தரகர் பதிவு செய்துகொள்ள வேண்டும், தான் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. பதிவு இல்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மனை மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் ஏறலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் அந்தச் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டிய புதுத் திட்டங்களுக்கு மட்டும். 500 சதுர மீட்டருக்குள், அதாவது பன்னிரண்டு சென்ட் சொச்சத்துக்குள் பிரித்து விற்றால் திட்டத்துக்கே பதிவு வேண்டாம். கைமாறி வருகிற பழைய மனை, பழைய வீடு, வயல் எதுவும் இதில் வராது. எங்கள் பக்கத்தில் என் மேஜைக்கு வருவதில் பாதிக்கு மேல் இந்த வகைதான். அந்த அம்மாவின் மனையும் அப்படித்தான்.

மகாராஷ்டிரத்தில் 2023 முதல் தரகர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். இங்கேயும் வரட்டும். ஆனால் ஆங்கிலத்தில் கேள்வித்தாள் கொடுத்து, கணினி முன்னால் உட்கார வைத்தால் தேறுவது கோட் போட்ட கம்பெனி ஆட்கள்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் சேரன்மகாதேவி பக்கம் தரகு பார்க்கிறார். எட்டாம் வகுப்புதான். "இது கார்த்திகையில தண்ணி நிக்கிற இடம், வேண்டாம்"னு சொல்லியே தன் கமிஷனை விட்டவர். அவரை விரட்டிவிட்டு, டிரோனில் படம் பிடித்து யூடியூபில் மனை விற்கிறவருக்குச் சான்றிதழ் கொடுத்து என்ன பயன்? தேர்வைத் தமிழில் வையுங்கள். பட்டா, அடங்கல் என்கிற பயிர்க் கணக்கு, புலப்படத்தைக் கையில் கொடுத்து, வாய்க்கால் எது, வண்டிப்பாதை எது, புறம்போக்கு எது என்று காட்டச் சொல்லுங்கள். அந்தப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தேறுவார். கட்டணமும் சின்ன ஆள் கட்டக்கூடியதாக இருக்கட்டும்.

பத்திரத்தில் பெயர் போட்டால் தரகர்கள் கமிஷனை ஏற்றிவிடுவார்கள் என்று என் சக எழுத்தர்கள் சொல்கிறார்கள். ஏற்றட்டுமே, கொடுத்த காசுக்கு ஆள் யார் என்றாவது தெரியும்.

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புது லே-அவுட்டோ பழைய மனையோ, தரகர் மூலம் நடந்த கிரையம் என்றால் அவர் பெயரும் பதிவு எண்ணும் இல்லாமல் பத்திரம் பதிவாகக் கூடாது. சாட்சிகள் கையெழுத்துக்குக் கீழே, என் பெயருக்கு மேலே, ஒரு வரி இடம் எப்போதும் காலியாகத்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்,
பாளையங்கோட்டை.